பேசியே மசியவைக்கும் பாத்திரம்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பில் உங்கள் குழுவில் ஒருவர் எலொக்வென்ஸ் கல்லூரி பார்டு எடுத்து மூன்றாம் லெவலுக்கு வந்துவிட்டால், டி.எம். ஆன நீங்கள் ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது. கரிஸ்மா 16 என்றால் அதற்கு +3. மூன்றாம் லெவலில் எக்ஸ்பர்டிஸ் வந்துவிடும். அதைப் பெர்சுவேஷனில் வைத்தால் தேர்ச்சிப் புள்ளி 2 இரட்டிப்பாகி 4. மொத்தம் +7. போதாததற்கு 'சில்வர் டங்' என்ற திறன் வேறு. பெர்சுவேஷனுக்கோ டிசெப்ஷனுக்கோ உருட்டும்போது பகடையில் 9 அல்லது அதற்குக் கீழே விழுந்தால் 10 விழுந்ததாகவே வைத்துக்கொள்ளலாம். ஆக, இந்தப் பாத்திரம் வாயைத் திறந்தால் 17-க்குக் கீழே எதுவும் வராது. டி.சி. 15 என்று வைத்தீர்களானால் பகடைக்கு வேலையே இல்லை. ஒன்பதாம் லெவலில் கரிஸ்மா 20 ஆகியிருந்தால் கூட்டுத்தொகை +13. அப்போது குறைந்தபட்சமே 23.

இதைக் கண்டு மிரளும் டி.எம்.கள் வழக்கமாக இரண்டு காரியங்களில் ஒன்றைச் செய்வார்கள். டி.சி.யை ஏற்றுவார்கள்: போன மாதம் 15 வைத்த கடைக்காரனுக்கு இந்த மாதம் 25. இல்லாவிட்டால், உருட்டியபின் எண்ணைப் பார்த்துவிட்டு, "அவன் ஒத்துக்கலை" என்று சொல்லிவிடுவார்கள். இரண்டுமே ஆட்டக்காரரின் கையிலிருந்து அவர் சம்பாதித்ததைப் பிடுங்குவதுதான். ஃபைட்டருக்கு வாள்வீச்சு எப்படியோ அப்படித்தான் இவருக்குப் பேச்சு. ஒன்பதாம் லெவல் ஃபைட்டர் சாதாரண வாயிற்காவலனை இரண்டு சுற்றில் வீழ்த்தினால் யாரும் முகம் சுளிப்பதில்லை. அதே காவலனைப் பார்டு பேசி வழிக்குக் கொண்டுவந்தால் மட்டும் ஆட்டம் கெட்டுப்போனதாக ஏன் தோன்றுகிறது?

என் பதில் இது. வாள்வீச்சுக்கு எதிரே காவலனிடம் கவசம் இருக்கிறது, உயிர்ப்புள்ளி இருக்கிறது. பேச்சுக்கு எதிரே அவனிடம் எதுவும் இல்லை. அவனுக்கு என்ன வேண்டும், எதற்குப் பயப்படுகிறான், எதைச் செய்யவே மாட்டான் என்று நாம் எழுதி வைக்கவில்லை. வெறும் ஆளாக நிற்கவைத்துவிட்டு, பகடை அவனைத் தள்ளிவிட்டதும் ஐயோ என்கிறோம். இந்த அத்தியாயம் அந்த வெறுமையை நிரப்புவதைப் பற்றியது.

இந்தச் சிக்கல் எங்கிருந்து வந்தது

கொஞ்சம் பழங்கதை. அது தெரிந்தால் விதிப்புத்தகத்தை எங்கே நம்பலாம், எங்கே நம்பக்கூடாது என்பது புரியும்.

ஆரம்பகால டி அண்ட் டி-யில் பேச்சுத்திறமைக்கென்று தனி உருட்டல் கிடையாது. இருந்தது ரியாக்‌ஷன் ரோல். 1981-ல் டாம் மோல்ட்வே தொகுத்த பேசிக் பதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். குழுவும் அரக்கர்களும் முதன்முதலில் எதிர்ப்படும்போது டி.எம். இரண்டு ஆறுமுகப் பகடைகளை உருட்டுவார். 2 விழுந்தால் உடனே தாக்குதல், 12 விழுந்தால் உற்சாகமான நட்பு, நடுவில் தயக்கம். பேசுகிறவரின் கரிஸ்மா எவ்வளவு உயர்ந்திருந்தாலும் அதில் கூடுவது அதிகபட்சம் 2. அந்த உருட்டல் சொன்னது சந்திப்பு எந்த மனநிலையில் தொடங்குகிறது என்பதை மட்டும்தான். அதற்குப் பிறகு மேஜையில் இருப்பவர்கள் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாம் பதிப்பில் டிப்ளமசி என்ற திறன் வந்தது. 2003-ல் வந்த 3.5 பதிப்பின் அட்டவணை சொல்வதைப் பாருங்கள்: பகையாளியை அலட்சியக்காரனாக்க 25, நண்பனாக்க 35, ஆபத்தையும் ஏற்று உதவுகிறவனாக்க 50. இதைக் கேட்டால் எட்டாத உயரம் போலத்தான் இருக்கிறது. ஆனால் ஐந்தாம் லெவல் ஹாஃப்-எல்ஃப் பார்டு ஒருத்தியைக் கட்டிப் பார்க்கலாம். டிப்ளமசியில் 8 ரேங்க், கரிஸ்மா 18-க்கு 4, ஹாஃப்-எல்ஃபாகப் பிறந்ததற்கு 2, ஸ்கில் ஃபோகஸ் ஃபீட்டுக்கு 3. பிளஃப், சென்ஸ் மோட்டிவ், பிரபுக்குலம் பற்றிய அறிவு மூன்றிலும் ஐந்தைந்து ரேங்க் இருந்தால் சினர்ஜி என்ற பெயரில் இரண்டிரண்டாக இன்னொரு 6. கூட்டினால் 23. பகடையில் 2 விழுந்தாலே பகையாளி ஒரு நிமிடத்தில் கத்தியை இறக்கிவிடுவான். 12 விழுந்தால் நண்பனாகிவிடுவான். அவன் வழிப்பறிக்காரனா பேரரசனா என்று அட்டவணை கேட்கவே கேட்காது. கேட்பது இப்போதைய மனநிலையை மட்டும். இந்த ஓட்டையில் நுழைந்து கட்டப்பட்ட பாத்திரங்களுக்கு டிப்ளமான்சர் என்று பட்டப்பெயரே வந்தது. 'ஆர்டர் ஆஃப் த ஸ்டிக்' சித்திரக்கதையை வரையும் ரிச் பர்லூ இதற்கு மாற்றாக ஒரு விதி எழுதினார். அதன் சாரம்: உருட்டுவது மனநிலையை மாற்ற அல்ல, ஒரு பேரத்தை ஏற்கவைக்க. பேரத்தில் எதிராளிக்கு லாபம் எவ்வளவு, ஆபத்து எவ்வளவு, அவனுடைய லெவல் என்ன, உங்களுக்கும் அவனுக்கும் என்ன உறவு என்பவற்றை வைத்தே டி.சி. அமையும். இந்த அத்தியாயத்தில் நான் சொல்லப்போவதில் பாதி அவர் எப்போதோ சொன்னதுதான்.

ஐந்தாம் பதிப்பு பாடம் கற்றுக்கொண்டது. ஆனால் கற்றதை 2014 டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடின் நடுவில் ஒரு சிறு அட்டவணையாக ஒளித்துவைத்தது. அதைப் படிக்காமலேயே ஆண்டுக்கணக்கில் ஆட்டம் நடத்துகிறவர்கள் ஏராளம். மனநிலை மூன்று: நட்பு, அலட்சியம், பகை. டி.சி.யும் மூன்று படி: 0, 10, 20. நட்பாக இருப்பவன் 20 வந்தால் உங்களுக்காகப் பெரிய ஆபத்தையும் ஏற்பான். அலட்சியமாக இருப்பவன் அதே 20-க்குச் சின்ன ஆபத்து அல்லது சின்னத் தியாகம் வரைதான் வருவான். பகையாளி 20 வந்தாலும், தனக்கு எந்தச் சேதமும் இல்லாத காரியம் என்றால் மட்டும் செய்வான். அவ்வளவுதான். அட்டவணை அங்கே முடிகிறது. 23 வந்தாலும் 33 வந்தாலும் பகையாளி உங்களுக்காகத் தன் கழுத்தை நீட்டமாட்டான். அவனை அங்கே கொண்டுபோக வேண்டுமானால் முதலில் அவன் மனநிலையை மாற்ற வேண்டும். அதற்கு அவனுடைய கொள்கை, பிடிப்பு, பலவீனம் எதையாவது கண்டுபிடித்துத் தொட வேண்டும். இந்தக் கூரை ஒன்று போதும், எலொக்வென்ஸ் பார்டைக் கண்டு பயப்படத் தேவையில்லை. 2024 பதிப்பு வேறு வழி பிடித்தது: விருப்பமுள்ளவன் உருட்டாமலே செய்வான், விருப்பமே இல்லாதவன் உருட்டினாலும் செய்யமாட்டான், தயங்குகிறவனுக்குத்தான் உருட்டல். சுருக்கம், தெளிவு. ஆனால் அந்தப் படிகளின் நயம் அதில் இல்லை, எனக்குப் பழைய அட்டவணையே பிடிக்கும்.

உருட்டுவதற்கு முன்னால்

ஒரு காட்சியை முழுதாகப் பார்ப்போம். இரவு, நகரத்துக் கோட்டைவாசல் மூடியாகிவிட்டது. குழுவில் ஒருவனுக்கு வயிற்றில் ஆழமான வெட்டு. வாசலில் ஹாம் என்ற காவலன். டி.எம்.மும் பார்டு ஆடுகிறவரும் கல்லூரி நண்பர்கள்.

"நான் அவன்கிட்ட பேசறேன். பெர்சுவேஷன் போடட்டா?"

"இரு. என்ன கேக்கற?"

"கேட்டைத் திறக்கச் சொல்றேன்."

"என்ன சொல்லித் திறக்கச் சொல்ற?"

"நாங்க நல்லவங்க, கெடுதல் பண்ண வரலைன்னு."

"நல்லவங்கன்னு அவன் நம்பறான்டா. ஆனா மணி அடிச்சப்புறம் திறந்தா அவன் தோலை உரிச்சிடுவாங்க. போன மாசம் ஒருத்தனுக்கு அதான் ஆச்சு. பேசும்போதே அவன் கண்ணு அடிக்கடி கோபுரத்துப் பக்கம் போகுது."

"அங்க என்ன?"

"ஒரு ஜன்னல். விளக்கு எரியுது."

"கேப்டனா?"

"இருக்கலாம்."

"சரி, கேட் வேணாம். சின்னதா வேற வழி ஏதாவது இருக்கா?"

"திட்டிவாசல் இருக்கு. ஒரு ஆள் குனிஞ்சு போகலாம்."

"அப்ப அடிபட்டவனை மட்டும் அது வழியா உள்ள விடச் சொல்றேன். நாங்க விடியற வரைக்கும் வெளியவே இருக்கோம். நம்பிக்கைக்கு என் லூட்டை அவன்கிட்டயே குடுத்துடறேன்."

"இப்ப போடு."

பகடை இன்னும் கையிலேயே இருக்கிறது. ஆனால் காட்சியின் முக்கால்வாசி முடிந்துவிட்டது. ஹாம் அலட்சியக்காரன். கோட்டைவாசலைத் திறப்பது அவனுக்குப் பெரிய ஆபத்து. அலட்சியக்காரனுக்கு அந்தப் படி அட்டவணையிலேயே கிடையாது. ஆகவே டி.எம். அதற்கு உருட்டச் சொல்லவில்லை. 'முடியாது' என்று சொல்லி வாயை அடைக்கவும் இல்லை. எது தடுக்கிறது என்பதைக் காவலனின் கண் வழியாகக் காட்டினார். ஆட்டக்காரர் கேட்பதைச் சுருக்கினார், ஆபத்து சின்னதாயிற்று, டி.சி. 20-க்குள் வந்தது. தன் லூட் வாத்தியத்தைப் பிணையாகக் கொடுத்ததற்காக அட்வான்டேஜ் கொடுப்பது டி.எம். விருப்பம். நான் கொடுப்பேன்.

24 வந்தது என்று வையுங்கள். அடிபட்டவனைத் தூக்கிக்கொண்டு வர இன்னொருவனையும் ஹாம் உள்ளே விடுவான், வைத்தியர் வீட்டுக்கு வழியும் சொல்வான். உயர்ந்த எண் வந்தால் கேட்ட எல்லைக்குள்ளேயே தாராளம் கூடும். 17 மட்டும் வந்தால் கதவு திறக்காது. ஆனால் 10-ஐத் தாண்டியிருப்பதால் தனக்கு ஆபத்தில்லாததை அவன் செய்வான்: பையனை அனுப்பி வைத்தியரை எழுப்பிக் கூட்டிவரச் சொல்வான், திட்டிவாசல் கம்பி வழியே தண்ணீரும் துணியும் நீட்டுவான். எலொக்வென்ஸ் பார்டு 17-க்குக் கீழே போகவே மாட்டார் என்பதால் இந்த உதவி அவருக்கு எப்போதும் உறுதி. அதுதான் அவர் அந்தத் திறனுக்குக் கொடுத்த விலைக்குக் கிடைக்கும் பொருள். சந்தோஷமாகக் கொடுங்கள்.

இதில் ஒரு விதியை மட்டும் கல்லில் பொறிக்கலாம்: நடக்கவே நடக்காது என்றால் உருட்டச் சொல்லாதீர்கள். அரசவையில் நின்று, "மன்னா, கிரீடத்தை எனக்குக் கொடுங்கள்" என்று ஒருவர் கேட்கிறார். நீங்கள் சிரித்துக்கொண்டே, "சரி போடுங்க" என்கிறீர்கள். 20 விழுகிறது. மேஜையே எழுந்து கத்துகிறது. இனி என்ன சொன்னாலும் நீங்கள் ஏமாற்றுக்காரர். திறன் உருட்டலில் 20 விழுந்தால் தானாக வெற்றி என்று 2014 விதிகளில் எங்கேயும் இல்லை, அது தாக்குதலுக்கு மட்டும்தான். ஆனால் உருட்டச் சொன்ன கணத்திலேயே வாய்ப்பு இருப்பதாக வாக்குக் கொடுத்துவிட்டீர்கள். அதனால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: "கிரீடம் கிடைக்காது. இதை அவர் வேடிக்கையா எடுத்துக்கிறாரா, ராஜத்துரோகமா எடுத்துக்கிறாரா, அதுக்குத்தான் ரோல். வேணுமா?" இப்போது 20 விழுந்தால் மன்னர் வயிறு குலுங்கச் சிரித்து, இந்தத் துணிச்சல்காரனை இரவு விருந்துக்குக் கூப்பிடுவார். அதுவும் பெரிய வெற்றிதான்.

அளவு தெரியாமல் தடுமாறும்போது எனக்கு உதவும் இன்னொரு அளவுகோல் மந்திரம். சஜெஷன் இரண்டாம் லெவல் மந்திரம். ஸ்லாட் செலவாகும், எதிராளிக்கு விஸ்டம் சேவ் உண்டு. சார்ம் பெர்சன் தீர்ந்ததும் தன்னை மயக்கினார்கள் என்று அவனுக்குத் தெரிந்துவிடும். இவ்வளவு செலவும் அபாயமும் உள்ள மந்திரம் செய்யமுடியாததை ஓசியில் பேசும் பேச்சு செய்துவிட்டால், உங்கள் தராசு எங்கேயோ சாய்ந்திருக்கிறது.

அந்த ஆளுக்கு என்ன எழுதுவது

நீளமாக எழுதவேண்டாம். பெயருக்குப் பக்கத்தில் மூன்று துண்டு: வேண்டியது, பயப்படுவது, செய்யவே மாட்டாதது. ஹாமுக்கு: இடமாற்றம் கிடைத்து மலையோரக் காவலுக்குப் போகவேண்டும், கேப்டனின் சவுக்கு, காசு வாங்கிக்கொண்டு கதவு திறக்கமாட்டான், அப்பா அதைச் செய்து மாட்டியவர். எழுத அரை நிமிடம் ஆகாது. திடீரென்று முளைக்கும் என்.பி.சி.க்கு அந்த அரை நிமிடமும் கிடைக்காது. அப்போது மூன்றாவதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு பேச ஆரம்பியுங்கள், மற்றவை பேச்சிலேயே வந்துவிடும்.

பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பின் கேம்மாஸ்டரி கைடில் இன்ஃப்ளுயன்ஸ் என்று ஒரு துணை அமைப்பு இருக்கிறது. முக்கியமான விருந்து, சபை மாதிரியான காட்சிகளுக்கு அது நன்றாக உழைக்கும். அங்கே ஒவ்வொரு பிரமுகருக்கும் எந்தப் பேச்சு எடுபடும், எது எடுபடாது, எதைத் தொட்டால் இளகுவார், எதைத் தொட்டால் முறுக்கிக்கொள்வார் என்று முன்பே எழுதியிருக்கும். குழு ஒரு சுற்றைப் பேசுவதற்குப் பயன்படுத்தலாம், அல்லது நோட்டம் விட்டு இந்த விவரங்களைக் கண்டுபிடிப்பதற்குப் பயன்படுத்தலாம். புள்ளிகள் சேரச் சேர உதவி கூடும். வேறு ஆட்டம் நடத்துகிறவர்களும் இந்த யோசனையை அப்படியே தூக்கிக்கொள்ளலாம்.

மசிந்தவன் நாளைக்கு என்ன செய்வான்

அப்போகலிப்ஸ் வேர்ல்டில் ஆளை மடக்கிப் பேசும் நகர்வில் இரண்டு ஆறுமுகப் பகடை உருட்டி 10 அல்லது அதற்கு மேல் வந்தால் என்.பி.சி. சொன்னதைச் செய்வான். ஆனால் நீங்கள் கொடுத்த காரணம் பொய்யென்று ஏதாவது ஒன்று காட்டிக்கொடுக்கும் வரைதான். 7 முதல் 9 வரை வந்தால் அப்போதே கையில் ஒரு உத்தரவாதம் கேட்பான். 2016-ல் வந்த இரண்டாம் பதிப்பு சொல்வது இது. பேச்சுத்திறன் மிக்க பாத்திரத்தைக் கையாள இதைவிடச் சுருக்கமான வழி எனக்குத் தெரியாது. அதன் வழிவந்த டன்ஜன் வேர்ல்ட் இன்னும் கறார். எதிராளியின் மேல் உங்களுக்கு ஒரு பிடி இருந்தால்தான் பார்லே உருட்டலாம். பிடி இல்லை என்றால் அது வெறும் அரட்டை.

எந்த விதிப்புத்தகம் வைத்து ஆடினாலும் இதைக் கொண்டுவரலாம். மசிந்தவனுக்கு வீடு இருக்கிறது, மேலதிகாரி இருக்கிறார், இரவு படுத்தால் யோசனை வருகிறது. திட்டிவாசலைத் திறந்த ஹாம் மறுநாள் கேப்டன் முன்னால் நிற்பான். குழு அவனுக்காகப் பேசப் போகிறதா, நழுவிவிடப் போகிறதா? கொடுத்த வாக்குகளுக்கென்று நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள்: யாருக்கு, என்ன, எப்போதைக்குள். இரண்டு செஷனுக்கு ஒருமுறை அதிலிருந்து ஒருவரைக் கதைக்குள் நடந்துவரச் செய்யுங்கள். வாக்கைக் காப்பாற்றிய பார்டுக்கு அடுத்த ஊரில் கதவுகள் முன்கூட்டியே திறக்கும். காற்றில் விட்டவரின் பெயரும் ஊருக்கு முன்னே போய்ச் சேர்ந்திருக்கும்: "அந்த லூட்டுக்காரி வந்தா காதைப் பொத்திக்கோ." இதைத் தண்டனையாகச் செய்தால் ஆட்டக்காரர் முகம் வாடும். ஆகவே இரண்டு பக்கமும் நடக்கவேண்டும், நல்ல பெயர் முதலில் பலிக்கட்டும்.

ஏமாற்றி வாங்கியதும் நியாயம் சொல்லி வாங்கியதும் ஒரே காலம் நிற்காது. கால் ஆஃப் கதுலு ஏழாம் பதிப்பு வசீகரம், வாய்ஜாலம், மிரட்டல், வாதம் என்று நான்கையும் தனித்தனித் திறனாகவே வைத்திருக்கிறது. வாய்ஜாலத்துக்கு மயங்கியவன் கொஞ்ச நேரத்தில் விழித்துக்கொள்வான், வாதத்துக்கு ஒத்துக்கொண்டவனுக்கு அப்படி விழிப்பதற்கு ஒன்றுமில்லை.

திரும்பத் திரும்ப உருட்டும் தொல்லைக்கு பர்னிங் வீல் ஆட்டத்தின் 'லெட் இட் ரைட்' கொள்கை மருந்து. ஒருமுறை உருட்டியது உருட்டியதுதான், சூழ்நிலை உண்மையிலேயே மாறும் வரை இரு தரப்பும் அதற்குக் கட்டுப்படவேண்டும். டி.எம்.மும்தான். ஒத்துக்கொண்ட காவலனை இரண்டு நிமிடம் கழித்து மனம்மாற வைக்க உங்களுக்கும் உரிமை இல்லை. 2024 டி அண்ட் டி-யில் தோற்றவர் அதே வழியில் மறுபடி கேட்க 24 மணி நேரம் காத்திருக்கவேண்டும் என்று இருக்கிறது.

வாய் யாருடையது

நாலு பேர் நடுவில் பேசவே கூச்சப்படுகிற ஒருவர், எவரையும் கவிழ்க்கும் பார்டை ஆட ஆசைப்படுகிறார். இன்னொரு பக்கம், வக்கீல் மாதிரி பொளந்துகட்டுகிற ஒருவர் கரிஸ்மா 8 வைத்த பார்பேரியனை எடுத்துக்கொண்டு எல்லாப் பேச்சையும் தானே பேசுகிறார். முதலாமவரை, "நீங்களே பேசிக் காட்டுங்க" என்று வற்புறுத்துவது கொடுமை. பார்பேரியன் ஆடுகிறவரைப் பார்த்து யாரும் பாறையைத் தூக்கிக் காட்டச் சொல்வதில்லை.

நான் கேட்பது பேச்சின் சரக்கை, தோரணையை அல்ல. "அவன் பொண்டாட்டி ஊரைப் பத்திச் சொல்லி இளக்கப் பாக்கறேன்" என்று ஒரு வரி சொன்னால் போதும். அது நல்ல யோசனையா என்பது டி.சி.யைத் தீர்மானிக்கும், அதைப் பாத்திரம் எவ்வளவு அழகாகச் சொன்னது என்பதைக் கரிஸ்மாவும் பகடையும் தீர்மானிக்கும். பட்டிமன்ற நடுவர் மாதிரி உட்கார்ந்து ஆட்டக்காரரின் பேச்சுக்கு மார்க் போடுவது டி.எம்.மின் வேலை இல்லை. நடித்துப் பேச விரும்புகிறவர் பேசட்டும், ரசிப்போம், கைதட்டுவோம். ஆனால் கைதட்டலுக்காக டி.சி.யைக் குறைக்காதீர்கள். பார்பேரியன் வக்கீலின் வாதத்தில் சரக்கு இருந்தால் அதற்குரிய சலுகை அவருக்கும் உண்டு, பகடை மட்டும் அவருடைய -1 உடன்தான் உருளும். 4 விழுந்தால் வாதம் சரிதான், ஆனால் அவர் மேஜையைக் குத்திச் சொன்ன விதத்தில் காவலன் ஈட்டியைப் பிடித்துவிட்டான்.

மற்றவர்கள் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருக்கும்போது

பார்டு அரைமணி நேரம் பேச, மற்ற மூவரும் போனை எடுத்துவிட்டால் அது பார்டின் குற்றமில்லை. காட்சியில் எதிரே ஒரே ஒரு ஆளை வைத்ததால் வந்தது. மூன்று பேரை வையுங்கள். பிரபு பாட்டுக்கு மயங்கலாம். அவருடைய பழைய தளபதி பார்டுகளைக் கண்டாலே எரிந்துவிழுவார், ஆனால் ஃபைட்டரின் தோள்தழும்பைப் பார்த்து எந்தப் போர் என்று கேட்பார். கணக்கப்பிள்ளைக்கு விசார்டின் கையெழுத்தில் ஏதோ சந்தேகம். பார்டால் ஒரே நேரத்தில் மூவரிடமும் பேசமுடியாது.

சொந்தக் குழுவினரின் மேலேயே பெர்சுவேஷன் உருட்டுகிறேன் என்று ஒருவர் கிளம்புவார். கூடாது. 3.5-லும் பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பிலும் டிப்ளமசி ஆட்டக்காரர்களின் பாத்திரங்கள் மேல் செல்லாது என்று விதியே இருக்கிறது. தன் பாத்திரம் என்ன நினைக்கிறது என்பது மட்டும்தான் ஆட்டக்காரரின் கையில் முழுதாக இருக்கும் சொத்து. அதையும் பகடைக்குக் கொடுத்துவிட்டால் அவருக்கு மேஜையில் வேலை என்ன? அப்போகலிப்ஸ் வேர்ல்ட் இதற்கும் ஒரு நடுவழி வைத்திருக்கிறது: சொன்னதைச் செய்தால் அனுபவப்புள்ளி, மறுத்தால் சங்கடம், முடிவு எப்போதும் மற்றவருடையது.

மயக்கிப் படுக்கைக்கு அழைப்பதும் இந்த வகைப் பாத்திரங்களோடு ஒட்டியே வரும் சமாச்சாரம். டிராகனை மயக்கும் பார்டு நகைச்சுவை இணையத்தில் சிரிக்கச் சிரிக்கக் கிடைக்கிறது. ஆனால் ஐந்து பேர் உட்கார்ந்திருக்கும் அறையில் ஒருவர் நெளிந்துகொண்டிருக்கக்கூடும். ஆட்டம் தொடங்கும் முன்னாலேயே எது வரவே கூடாது, எது வந்தால் திரையை இழுத்து மூடிவிட்டு நகரவேண்டும் என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். ரான் எட்வர்ட்ஸ் 2003-ல் கோடுகள், திரைகள் என்று பெயர் வைத்த முறை இதுதான். ஜான் ஸ்டவ்ரோபூலஸின் எக்ஸ் கார்டையும் மேஜையில் வைத்துவிட்டால் யாரும் காரணம் சொல்லாமலே காட்சியை நிறுத்தலாம்.

பேச்சில் வல்லவன் எதிரியாக இருந்தால்

இதுவரை ஆட்டக்காரரின் பாத்திரம். உங்கள் கையில் இருக்கும் வில்லனும் தேன் தடவிய நாக்குக்காரனாக இருக்கலாம். அப்போது நீங்கள் பெர்சுவேஷன் உருட்டி, "25 வந்திருக்கு, நீங்க எல்லாரும் அவனை நம்பறீங்க" என்று அறிவித்தால், மேஜையில் இருக்கிற அத்தனை பேரும் அந்த நிமிடமே அவனை நம்புவதை நிறுத்திவிடுவார்கள். அவனுடைய பேச்சுத்திறனைப் பகடையில் காட்டாதீர்கள், அவன் கொண்டுவரும் சரக்கில் காட்டுங்கள். குழுவுக்கு எது வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கட்டும். சொல்வதில் பெரும்பகுதி உண்மையாக இருக்கட்டும். செஷனுக்கு முன்னால், அவன் சொல்லப்போகிற மூன்று நிஜமான தகவல்களையும் மறைக்கப்போகிற ஒன்றையும் எழுதிவையுங்கள்.

ரேவன்லாஃப்டின் ஸ்ட்ராட் இதற்கு நல்ல பாடம். 1983-ல் டிரேசி ஹிக்மனும் லாரா ஹிக்மனும் உருவாக்கிய இந்த இரத்தக்காட்டேரிப் பிரபுவுக்கு மயக்கும் சக்தி விதிகளிலேயே இருக்கிறது. ஆனால் 2016-ல் வந்த 'கர்ஸ் ஆஃப் ஸ்ட்ராட்' சாகசத்தில் ஆட்டக்காரர்களை உண்மையிலேயே வளைப்பது அவருடைய விருந்து அழைப்புக் கடிதம்தான். வழியில் பத்திரமாக வந்துசேரலாம் என்று மரியாதையாக எழுதியிருக்கும். எந்த சேவும் கிடையாது. இருந்தும் போகலாமா வேண்டாமா என்று குழு ஒரு மணி நேரம் சண்டை போடும், பெரும்பாலும் போயும் விடும். அங்கே அவர் கையில் அவர்களுக்குத் தேவையான பதில் ஒன்று இருந்தால், மயக்கும் சக்தியை எடுக்கவே வேண்டாம்.

குழுவில் யாராவது இன்சைட் உருட்டுவார்கள். உயர்ந்த எண் வந்தாலும், "பொய் சொல்றான்" என்று தீர்ப்பு வழங்காதீர்கள். கண்ணுக்குத் தெரிவதைச் சொல்லுங்கள்: "தங்கச்சி பேரை எடுத்ததும் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டார், அதுவரைக்கும் கையிலேயே வைத்திருந்தார்." தாழ்ந்த எண் வந்தால், "உண்மைதான் பேசறான்" என்று சொல்லாதீர்கள். அப்படிச் சொன்னால் ஆட்டக்காரர் பகடையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே நம்புவதாக நடிப்பார். "முகத்துல ஒண்ணும் பிடிபடலை" என்பது போதும். சந்தேகம் அவர்களிடமே இருக்கட்டும், வில்லன் அடுத்த வரியைப் பேசட்டும்.